களிமண் தலைக்கு என்ன நிறம்

மே 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடக் கன்ரீனில் இன்று பிஷ் பிங்கர். கை இன்னும் மணக்கிறது. பால் முடிந்தது, வாங்க மறந்தேன்.

மாலை களிமண் வகுப்பு. என் ஆள் சூளையிலிருந்து வெளியே வந்துவிட்டார். உடையவில்லை! கதிரைக் காலுக்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். ஆசிரியை ஹெலன் இரண்டு கையாலும் ஏந்தித் தந்தார், பிள்ளைப்பேற்று வார்டில் நர்ஸ் தருவதுபோல.

ஒரு சாண் உயரம். பிளாஸ்டிக் கதிரையில் ஒரு காலை மடித்து மேலே வைத்தபடி, சாரத்துடன், மேலுக்கு ஒன்றுமில்லாமல், வயிற்று வண்டி முன்னே தள்ள, கையில் தேநீர்க் கோப்பை. யாரென்று எழுதத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்: என் வீட்டுக்காரர். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த இருப்பைத்தானே பார்க்கிறேன், படம் பார்த்துச் செய்யத் தேவைப்படவில்லை.

அவருக்குத் தெரியாது. பூச்சாடி செய்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி நிறம். கண்ணாடிப் பூச்சுப் பூசித் திரும்பச் சுட்டால் எந்த நிறமாக வருமென்று நிச்சயமில்லையாம். சுட்ட மண்ணுக்கு மேலே நேரே அக்ரிலிக் பெயின்ட் அடிக்கச் சொன்னார் ஹெலன். பிழைத்தால் அதற்கு மேலேயே திரும்பவும் அடிக்கலாம். எனக்கு அதுதான் தோது. பிழைக்காமல் நான் எதைச் செய்திருக்கிறேன்?

ஒரே சிக்கல் தலை. இவருடைய தலைமயிரின் சொந்த நிறம் எனக்குத் தெரியாது. மகள் பிறந்த காலத்திலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம் டை. மீசைக்கும் சேர்த்து. போன மாதம் டை ஒத்துக்கொள்ளாமல் முகம் இடியப்பத்தட்டுப் போல வீங்கி, ஒரு கண் மூடிப்போய், ஆஸ்பத்திரி வரை போனோம். இனித் தொடவே கூடாதென்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கம்பளித் தொப்பி. மே மாதத்தில். படுக்கும்போதும்.

மே 8, வியாழன்

வெயில். உடுப்பை வெளியே காயப்போட்டேன். நனைந்ததை உள்ளே எடுத்தேன்.

அவர் வேலைக்குப் போனபின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் பெயின்ட். ஹெலன் தந்த உடைந்த ஓட்டுத் துண்டுகளில் முதலில் ஒத்திகை. சுட்ட மண் பெயின்டைக் குடிக்கிறது. தூரிகை தொட்ட இடத்திலேயே காய்ந்து நின்றுவிடுகிறது. முதலில் தண்ணீர் கூட்டி ஒரு பூச்சு, பிறகு தடிப்பாக ஒன்று. ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பக்கூடாது, காய்ந்தால் இருண்டுவிடும்.

தோல்: மண்ணிறம், மஞ்சள், ஒரு சொட்டு நீலம். இரண்டாம் தரத்திலேயே வந்தது. முழங்கை கறுப்பு. சட்டை மறைக்கும் இடம் கொஞ்சம் வெளிறல். இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

சாரம்: நீலமும் பச்சையும் கட்டம். கோடு நெளிகிறது. தூரிகை சரியில்லை. (ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.)

பின்னேரம் மலர் போன் எடுத்தாள். இவருடைய ஒரே தங்கை, நகரத்தின் மறுபக்கம் சட்டனில் இருக்கிறாள். அவளுடைய மகள் நிரோஷிக்கு ஜூன் முதலாம் திகதி கல்யாணம்.

"மச்சாள், அண்ணைக்கு வேட்டி சால்வை எடுத்தாச்சு. தாய்மாமன் எண்டு ஐயர் கூப்பிடேக்க ஆள் ரெடியா நிக்கோணும், சொல்லிப்போடுங்கோ."

வேலையால் வந்திருந்த அவரிடம் போனைக் கொடுத்தேன். "ஓம், ஓம், பாப்பம்" என்றார். வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"எனக்குச் சுகமில்லை எண்டு பேந்து சொல்லிவிடும்."

"என்ன சுகமில்லை?"

"தலையிடி."

மணவறையில், கமெராவுக்கு முன்னால், சனம் முழுக்கப் பார்க்கத் தொப்பியோடு நிற்க முடியாது. அதுதான் தலையிடி. ஆனால் நிரோஷிக்கு வேறு தாய்மாமன் இல்லை. மலரைத் தூக்கி வளர்த்ததும் இவர்தான். இவர் போகாவிட்டால் அவள் உடைந்துபோவாள்.

மே 9, வெள்ளி

இன்றும் ஆர்ச்வே கோயிலுக்கு நான் தனியே. முருகனுக்கு முன்னால் தொப்பி போட முடியாதே, அதனால் அவர் வீட்டிலேயே விளக்கு வைத்துக் கும்பிடுகிறாராம். வீட்டு விளக்குக்கு முன்னாலும் தொப்பியோடுதான் நின்றார், எட்டிப் பார்த்தேன்.

பஸ்ஸில் ஒரு பெட்டைப்பிள்ளை போனில்: "அம்மா, ஐ ஆம் ஈட்டிங், ஐ ஸ்வேர், புட்டு ஈட்டிங்." கையில் சிப்ஸ் பெட்டி.

மே 11, ஞாயிறு

மத்தியானம் ஆட்டிறைச்சி. சாப்பிட்டுவிட்டு அவர் சோபாவில் சரிந்தார், தொப்பியும் சரிந்தது. யன்னல் வெளிச்சம் நேரே தலையில். மூச்சுப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். அடியில் வெள்ளை. நடுவில் ஒரு செம்பட்டை. நுனியில் பழைய டை, தார் மாதிரிக் கறுப்பு. மூன்று தட்டு.

அடியில் இருக்கும் வெள்ளை வடிவாக இருக்கிறது. சும்மா சொல்லவில்லை.

குசினிக்கு ஓடிப்போய் ஒத்திகை. (க = கறுப்பு, வெ = வெள்ளை, ம = மண்ணிறம், நீ = நீலம்.)

க + வெ: சீமெந்து.
க + கூடுதல் வெ: காயாத சீமெந்து.
க + வெ + நீ: கவுன்சில் குப்பைத்தொட்டி.
ம + நீ + வெ, கறுப்பே இல்லாமல்: இதில் ஏதோ உயிர் இருக்கிறது.

பொம்மையின் தலையில் அதை அடித்தேன். தனியாக நல்ல நிறம், தலையில் வைத்தால் ஹெல்மெட். மோட்டார் சைக்கிள்காரன் தேநீர் குடிப்பதுபோல இருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

மே 13, செவ்வாய்

வகுப்பு. ஹெலன் பார்த்துவிட்டு, "ஹூ இஸ் திஸ் லவ்லி மேன்?" என்றார். லவ்லி மேன் இப்போது வீட்டில் தொப்பியோடு பருப்பு சூடாக்கிக்கொண்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை.

தலைக்கு ஹெலன்தான் வழி காட்டினார். முழுத் தலையும் இருண்ட நிறம் அடித்துக் காயவிட வேண்டும். பிறகு தூரிகையில் வெள்ளை தொட்டு, அதைத் துணியில் துடைத்துத் துடைத்து ஒன்றும் இல்லையென்று ஆக்கிவிட்டு, தலைக்கு மேலே சும்மா தடவ வேண்டும். நான் மண் ஈரமாக இருந்தபோது முள்ளுக்கரண்டியால் மயிர்க்கோடு இழுத்திருந்தேன். அந்தக் கோடுகளின் மேட்டில் மட்டும் வெள்ளை பிடித்தது, பள்ளத்தில் இருட்டு நின்றது. நரை! என் கண்ணுக்கு முன்னால் ஒரு மனிதன் நரைத்தான். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள். "என்னுடையதுக்கு முழங்கால் வைக்க மறந்துவிட்டேன்." "நல்லது, நோகாது."

சந்தோஷமான நாள். திரும்பி வரும்போது வால்தம்ஸ்டோ சந்தையில் கத்தரிக்காய் மலிவு.

மே 15, வியாழன்

பிடிபட்டேன். உடுப்பு அலுமாரியில் ஒளித்து வைத்தவள் நான், சொக்ஸ் தேடிப் போனவர் அவர்.

"இஞ்சாரும், இதுவோ பூச்சாடி?"

குசினி வாசலில் நிற்கிறார், கையில் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு.

"உயிரோட இருக்கிறவனுக்கு ஆராவது சிலை வைப்பினமே? மாலையும் ஓடர் பண்ணியாச்சோ?"

"சிலையில்லை. சும்மா பொம்மை."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "கதிரை எங்கட கதிரைதான். கால் சரி. வண்டி கொஞ்சம் கூடிப்போச்சு." கோப்பையை விரலால் தொட்டார். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வரப்பார்த்தது. பிறகு தலையைப் பார்த்தார்.

"தலை ஆருடைய?"

"உங்கட."

"இது நான் இல்லை." மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேநீர் கொடுக்கும்போது, கேட்காமலே சொன்னார். மாமா (அவருடைய அப்பா) போனபோது நாற்பத்தொரு வயது. எங்கள் ஹோலில் தொங்கும் படத்தில் தலை நிறையக் கறுப்புச் சுருள். அது எனக்குத் தெரிந்ததுதான். அதற்கு மேல் சொன்னது தெரியாதது.

"அப்பப்பாவையும் நான் காணேல்லை. எங்கட வீட்டில நரைச்ச ஆம்பிளை எண்டு ஒருத்தரும் இருந்ததில்லை. கண்ணாடியில பாக்க ஆரோ வேற வீட்டு ஆள் நிக்கிற மாதிரி இருக்கு. எப்பிடி இருக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

இவர் வடிவுக்கு டை அடிக்கிறார் என்று எத்தனை நக்கல் அடித்திருப்பேன். அழுகை வந்தது. வெங்காயம் வெட்டப் போனேன்.

மே 18, ஞாயிறு

கடவுளே.

நான் பலசரக்குக்குப் போய்த் திரும்பினால் இவர் தலையில் சொப்பிங் பை கட்டிக்கொண்டு குளியலறையில் இருக்கிறார். மருதோண்டித் தூளாம், கைக்குப் போடும் அதே மருதாணி. தமிழ்க் கடைக்காரன் சொன்னானாம், "இது இயற்கை, அண்ணை, ஒண்டும் செய்யாது" என்று. உண்மைதான், தோலுக்கு ஒன்றும் செய்யவில்லை. கண் வீங்கவில்லை. முருகா, அதற்கு நன்றி.

தலைக்குச் செய்தது வேறு. டை இருந்த நுனி கறுப்பாகவே நிற்கிறது. வெள்ளையாக இருந்த அடி மட்டும் செம்மஞ்சள். மீசையும். செம்பகப் பறவை ஒன்று டவல் கட்டிக்கொண்டு வந்து ஹோலில் நின்றது.

சிரிக்கக்கூடாதென்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. தரையில் குந்தியிருந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மகளுக்கு வீடியோ கோல் எடுக்கப் போனேன், போனைப் பறித்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்காதே. மஞ்சள், சிவப்பு, துளி மண்ணிறம் கலந்து பார்த்தேன். முதல் தரத்திலேயே அச்சொட்டாக அந்த நிறம்! நரைக்கு ஒரு கிழமை தலைகீழாக நின்றவளுக்கு இது மட்டும் எடுத்த எடுப்பில். ஆசையில் பொம்மையின் தலையில் ஒரு பக்கம் அடித்தும் விட்டேன்.

அவர் கண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கப் போனார். மழை. குடையும் கொண்டுபோகவில்லை.

செய்திருக்கக்கூடாது. நனைந்த துணியால் தேய்த்தேன், போகவில்லை. அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான்.

மே 20, செவ்வாய்

கதை பேச்சு இல்லை வீட்டில். "சோறு." "ம்." "உப்பு." "ம்."

நான் வகுப்புக்குப் போயிருந்த நேரம் அவரே மலருக்குப் போன் எடுத்து, நாரி பிடித்துவிட்டது, முதுகு நிமிரவில்லை, கல்யாணத்துக்கு வர ஏலாது என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் பஸ்ஸுக்குள், போனில் எனக்கு மலருடைய அழுகை.

"மச்சாள், நான் என்ன பிழை விட்டனான்? உண்மையைச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். டை, ஆஸ்பத்திரி, தொப்பி, மருதோண்டி.

மூக்கை உறிஞ்சினாள்.

"தலைமயிருக்கோ?"

"ஓம்."

"மொட்டையோட எண்டாலும் வரச் சொல்லுங்கோ, மச்சாள். அவர் நிக்காட்டி எனக்கெண்டு அங்க ஆர் நிக்கிறது?"

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவருக்குச் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல். டிவி சத்தத்தைக் கூட்டினார். செய்தி முடிந்து காலநிலையும் முடிந்து சமையல் நிகழ்ச்சி தொடங்கியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 22, வியாழன்

நல்ல வெயில், ஜக்கெட் இல்லாமல் போனேன். பள்ளிக்கூடம் நாளையோடு ஒரு கிழமை லீவு.

வேலையால் வந்தால் மேசையில் பொம்மையைக் காணவில்லை. குப்பையில் போட்டுவிட்டாரோ? உண்மையில் குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டே தேடினேன். பிறகு கண்டேன்: ஹோலில், மாமாவின் படத்துக்குப் பக்கத்துத் தட்டில். படத்தைப் பார்த்தபடி திருப்பி வைத்திருக்கிறார்.

"என்ன வேலை இது! செத்தவரின்ர படத்துக்குப் பக்கத்திலயோ உங்களை வைக்கிறது?" என்று எடுத்துக்கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சும்மா பாத்தனான்," என்றார். "அப்பா கிழவனாகியிருந்தா எப்பிடி இருந்திருப்பாரெண்டு. மூக்கு எங்கட மூக்குத்தான். வடிவாச் செய்திருக்கிறீர்."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வசனம். நான் தோசை சுட்டேன். அவருக்குப் பிடிக்கும்படி ஓரம் முறுகலாக.

மே 24, சனி

சலூனுக்குப் போய் வந்தார். நான் சொல்லவில்லை. தானாகப் போனார்.

கதவைத் திறந்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். துருக்கிக்காரப் பெடியன் மெஷினால் ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறான். செம்மஞ்சளும் போய், தாரும் போய், தலை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெள்ளை. மீசையையும் அடியோடு எடுத்தாயிற்று. மேலுதட்டை நான் இத்தனை வருடத்தில் இன்றுதான் காண்கிறேன். கல்யாண வீட்டில் புதுமாப்பிள்ளையைப் பார்க்கும் பெண்போல எனக்குக் கூச்சமாக இருந்தது, இந்த வயதில்.

"என்ன பாக்கிறீர்? மொட்டையோட எண்டாலும் வரச் சொன்னவளெல்லோ."

"வடிவாயிருக்கு."

"பொய்."

"முருகன் மேல சத்தியம்."

உள்ளே வந்து, கதிரையை யன்னலடிக்கு இழுத்துப்போட்டு, ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டு இருந்தார். "எடும் உம்மடை பெயின்டை. இப்ப சரியாப் பாத்து அடியும்."

லெப்டினன்ட் மாதிரி உத்தரவு. ஆனால் நான் தூரிகையை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 27, செவ்வாய்

லீவு, வகுப்பும் இல்லை. முழு நாளும் பொம்மை வேலை.

முள்ளுக்கரண்டியால் இழுத்த மயிர்க்கோடு இப்போது பொருந்தாது. சொரசொரத்த மண்கடதாசியை நனைத்துத் தலையைத் தேய்த்தேன். கறுப்பு, சீமெந்து, செம்மஞ்சள் எல்லாம் தட்டுத் தட்டாகக் கழன்று, கடைசியில் மண் தெரிந்தது. மீசையையும் தேய்த்து எடுத்தேன். களிமண்ணுக்கும் சலூன்.

அவர் ஷிப்டால் வந்து பக்கத்தில் இருந்து ஓயாத விமர்சனம். "காதடியில இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கு, பாரும்." "உச்சியில அவ்வளவு வெள்ளையில்லை." கைக்கண்ணாடியை எடுத்துவைத்துத் தன் பிடரியைத் தானே பார்க்கிறார்! ஒரு மாதமாகக் கண்ணாடிப் பக்கமே போகாத மனிதன்.

அடியில் தோல் நிறம், மேலே சாம்பல், அதற்கு மேலே துடைத்த தூரிகையால் வெள்ளை, குத்திக் குத்தி. நேற்று முளைத்த மயிர் போல வந்தது. அவர் தன் தலையைத் தடவினார், பிறகு பொம்மையின் தலையைத் தடவினார். ஈரம். விரலில் வெள்ளை. திரும்பவும் அடித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

கால் வீங்கிப்போய்க் கிடக்கிறேன், சுருக்கமாக.

காலை நோர்த் சர்குலர் ரோட்டில் நெரிசல். வேட்டி காருக்குள் இரண்டு தரம் அவிழ்ந்தது. சட்டன் மண்டப வாசலில் இறங்க முதல் கொஞ்சம் தயங்கினார். தொப்பி கார் சீற்றில். எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

மலர் மணவறைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள், பட்டுச்சேலை தடக்க. நான்கு முழம் தள்ளி நின்றுவிட்டாள். கை வாயில்.

"அண்ணை, குனியுங்கோ."

குனிந்தார். தலையை இரண்டு கையாலும் தடவினாள். "அப்பாவை எனக்குப் படத்திலதான் தெரியும்," என்றாள். "இனி நேரிலயும் தெரியும்." மேக்கப் முழுக்கக் கரைந்தது, மேக்கப்காரி வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஐயர் கூப்பிட்டபோது தாய்மாமன் நிமிர்ந்து நின்றார். கமெராக்காரன் லைட்டை நேரே அடித்தான், தலை மினுங்கியது. நான் மூன்றாம் வரிசையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

சாப்பாட்டில் வடை நல்லது, பாயாசம் தண்ணீர். என் வயதொத்த ஒருத்தி பின்னால் இன்னொருத்தியிடம்: "ஆரப்பா அந்தத் தாய்மாமன்? ஆள் நல்ல எடுப்பு." திரும்பி முறைத்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

காற்று. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிவிட்டது; பிள்ளைகள் லீவில் சாப்பிடாததுபோலச் சாப்பிட்டார்கள்.

வகுப்பில் ஹெலன் ஒரு சின்னப் போத்தல் வார்னிஷ் தந்தார். இதை அடித்தால் நிறம் கழலாது, தூசி பிடிக்காது. ஆனால் அதற்குப் பிறகு பெயின்டைத் தொடக்கூடாது, வேலை முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து மேசையில் பேப்பர் விரித்து, போத்தலைத் திறந்து, தூரிகையை எடுத்தேன். அவர் கதிரையில் காலை மடித்து வைத்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உது என்ன?"

சொன்னேன்.

எழும்பி வந்து போத்தலை வாங்கி, மூடியை இறுக்கி மூடினார்.

"இப்ப அடிக்காதையும். இன்னும் நரைக்கும்."